நடந்தே இளைத்தவனுக்கு இரண்டாவது ஆபரேஷன்

சுண்ணாம்புக் கரைசல் போன்ற ஒன்றைக் குடிக்கக் கொடுத்து, அது உள்ளே இறங்குவதைப் படம் பிடித்து, என் இரைப்பையைத் திரையில் காட்டினார் டாக்டர். ஏழு வருடங்களுக்கு முன் இதே டாக்டர்தான் அதில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மீதியை வாழைப்பழம் அளவுக்கு ஒரு குழாயாகத் தைத்துக் கொடுத்திருந்தார். திரையில் இருந்தது வாழைப்பழம் இல்லை. நன்றாக உரம் போட்டு வளர்த்த சுரைக்காய்.

யாருடைய வயிறு இது என்று கேட்கலாமா என்று யோசித்தேன். பெயர் மேலேயே எழுதியிருந்தது.

டாக்டர் மராத்திக்காரர், சாது. நோயாளியைக் குற்றம் சொல்ல அவருக்கு மனம் வராது. "பனியன் துவைக்கத் துவைக்கத் தளர்ந்து போகிறதில்லையா, அந்த மாதிரிதான்" என்று இந்தியில் ஆறுதல் சொன்னார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தமிழில் சொன்னாள்: "துவைச்சாத் தளரும். உள்ள ரெண்டு பேரு ஏறி உக்காந்தா?"

என்ன சொல்கிறார் என்பதுபோல டாக்டர் என்னைப் பார்த்தார்.

"சரிதான் என்கிறாள்" என்றேன்.

என் பிரச்சினை இதுதான். வாயைத் திறந்தால் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். மிச்சக் கதையும் இதிலிருந்து வந்ததுதான்.

இரைப்பை விரிந்தது மட்டுமல்ல. இழந்த நாற்பத்திரண்டு கிலோவில் முப்பத்தெட்டு திரும்பி வந்துவிட்டது. மீதி நாலும் வழியில் இருப்பதாகத் தகவல். கூடவே சர்க்கரையும் வந்தது. போதாதென்று நெஞ்செரிச்சல் வேறு. மூன்று தலையணை அடுக்கி, ரிசர்வேஷன் இல்லாத ரயில் பயணிபோல உட்கார்ந்தவாக்கில்தான் தூக்கம். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே வழி, வயிற்றின் மேல்பக்கத்தைச் சிறு பையாகப் பிரித்து, குடலைத் தூக்கி அதில் இணைத்துவிடுவது என்றார் டாக்டர். முதல்முறை போல சுலபமாக இருக்காது. பழைய தழும்புகள் உள்ளே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும், நேரம் பிடிக்கும். "மூன்றாவது முறை என்று ஒன்று கிடையாது, சார்" என்று முடித்தார்.

அடுத்த அறையில் உணவு ஆலோசகர். சின்ன வயதுப் பெண். நான் என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்பார் என்று தயாராகப் போனேன். அவர் வேறு கேட்டார். "முதல் ஆபரேஷன் பற்றி யாருக்கெல்லாம் தெரியும்?"

"வீட்டில் தெரியும்."

"வெளியே? நண்பர்கள், சர்ச்?"

"அவர்களுக்கு நான் நடந்து இளைத்தவன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எப்படி அப்படி ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ்ச் சபை புனே கன்டோன்மென்ட் பக்கம் இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு மூன்று தலைமுறைக்கு முன் ராணுவ குமாஸ்தாவாகவும் வாத்தியாராகவும் நர்ஸாகவும் வந்து தங்கிவிட்ட குடும்பங்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். முதல் ஆபரேஷன் முடிந்து நான் கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, போன அன்றே வாசலில் விசாரணை ஆரம்பித்தது. "என்ன, ஆபரேஷனாம்லா?"

"பித்தப்பைக் கல்லு" என்றேன்.

சபையில் பாதிப் பேருக்குப் பித்தப்பையில் கல் இருந்தது, அல்லது இருந்து எடுத்திருந்தார்கள். சாதாரண நோய், மேற்கொண்டு கேள்வி வராது என்பது என் கணக்கு. அனுபவஸ்தர்கள் அளவைக் கேட்பார்கள் என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. "கடலப்பருப்பு சைஸ்" என்றேன். நடுத்தரமான கல், யாருக்கும் பொறாமை வராது.

அப்புறம் இளைக்க ஆரம்பித்தேன். மாதத்துக்கு ஒரு பேன்ட்டைத் தையல்காரரிடம் கொண்டுபோனேன். எப்படி, எப்படி என்று எல்லோரும் கேட்டார்கள். "நடக்கேன்" என்றேன். அது உண்மை. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார்; விஷ்ராந்த்வாடி வீட்டிலிருந்து கிளம்பி ஆளந்தி ரோட்டில் தினமும் காலையில் நடந்துகொண்டிருந்தேன். நடக்கிற எல்லோரும் ஏன் இப்படி இளைக்கவில்லை என்ற கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானாக எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

அந்த வருடம் அசன விருந்து வந்தது. சபையார் எல்லோரும் பந்தியில் உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடும் நாள்; ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த வழக்கங்களில் புனேவில் ஒரு நூல்கூடப் பிரியாமல் இருப்பது இது ஒன்றுதான். நான் நாலு கவளம் சாப்பிட்டு இலையை மூடினேன். ஐந்தாவது கவளம் உள்ளே போனால் வந்த வழியே திரும்பி வரும் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஆனால் எங்கள் சனத்தில் அசனத்தன்று நாலு கவளத்தோடு எழுந்திருக்கும் மனிதனை யாரும் கண்டதில்லை. இது கிருபையன்றி வேறில்லை என்று பந்தியிலேயே முடிவாகிவிட்டது. ஆண்களுக்கென்றே நடக்கும் ஆராதனையான 'ஆண்கள் ஞாயிறு' அன்று நான் சாட்சி சொல்ல வேண்டும் என்று போதகர் கேட்டுக்கொண்டார். சாட்சி என்றால், ஒருவர் மைக் முன்னால் நின்று தன் வாழ்க்கையில் நடந்த நன்மையைச் சபைக்குச் சொல்வது.

நான் விமான் நகரில் ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர்களுக்குக் கையேடு எழுதுகிறவன். இருபது வருடமாக எழுதுகிறேன். ஒருவரும் கடைசிப் பக்கம் வரை படித்ததாகச் செய்தி இல்லை. அன்று முந்நூறு பேர் அசையாமல் கேட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் பேசினேன். அதில் 'ஒழுக்கம்' ஐந்து முறை வந்தது. 'ஆபரேஷன்' வரவே இல்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது என் மனைவி பின்னாலிருந்து ஒன்றே ஒன்று சொன்னாள். "நீங்க பேசுனதக் கேட்டு எனக்கே நடக்கணும்போல இருந்துச்சு."

நடக்க வேண்டும்போல வேறு சிலருக்கும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கோயில் வாசலில் இருபது ஆண்கள் கேன்வாஸ் ஷூவோடு நின்றார்கள். நான்தான் தலைவர். மழைக்காலத்தில் பதினொன்று ஆனது, கிறிஸ்துமஸுக்கு நாலு. அதற்கப்புறம் மிஞ்சியது ஒருவர். அவரைப் போசரிக்காரர் என்று சொல்கிறேன். போசரியில் ஒரு என்ஜினீயரிங் யூனிட்டில் லேத் பிரிவுக்கு சூப்பர்வைசர். என்னைவிட ஏழு வயது இளையவர், எடையில் என்னைவிட மூத்தவர். என்னை அண்ணாச்சி என்பார்.

அவர் வேலை பார்க்கிற இடத்தில் முடியளவு வித்தியாசம் வந்தாலும் பொருளைத் தள்ளிவிடுவார்கள். அதே சுத்தத்தோடு என் பேச்சையும் எடுத்துக்கொண்டார். எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை அடி நடந்தேன், வலது காலா இடது காலா முதலில் என்றுகூடக் கேட்டிருப்பார். நான் சொன்னதை அப்படியே செய்தார். ஊரடங்கில் வெளியே போக முடியாதபோது மொட்டை மாடியில் நடந்தார். அடிக் கணக்கை தினமும் போனில் அனுப்பினார். நான் கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புவேன்.

அதை அனுப்பும்போது என் இன்னொரு கையில் பெரும்பாலும் மஸ்தானி இருந்தது. புனேவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: கெட்டியான பாலும் பழக்கூழும் அடித்து, மேலே ஐஸ்கிரீம் உருண்டையை மிதக்கவிட்டு உயரமான கிளாஸில் தருவது. வெட்டித் தைத்த வயிற்றின் ரகசியம் ஒன்று உண்டு. அது ஒரு சப்பாத்தியோடு மல்லுக்கு நிற்கும். மஸ்தானியை வாசல்வரை வந்து வரவேற்கும். அரை இட்லி அடைத்துக்கொள்ளும், மொறுமொறு மசாலாச் சுருளான பாக்கர்வடி கால் கிலோ கரைந்து போய்விடும். இந்தக் கண்டுபிடிப்பை நான் யாருக்கும் சொல்லாமல் தனியாக ஆராய்ந்தேன். ஆராய்ச்சி முடிவு திரையில் தெரிந்த சுரைக்காய்.

நான் மறுபடி ஊதுவதைச் சபை பார்க்காமல் இருக்குமா? "தைராய்டு" என்றேன். எல்லோரும் "ச்சு" கொட்டினார்கள். போசரிக்காரர் ஒருபடி மேலே போய், என் தைராய்டுக்காக வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வேளை உபவாசம் இருந்து ஜெபித்தார். என் தைராய்டு அப்போதும் சரி, இப்போதும் சரி, பூரண நலம்.

இரண்டாவது ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முன் இரண்டு வாரம் திட உணவு கிடையாது. ஈரலில் சேர்ந்த கொழுப்பு குறைந்து அது சுருங்கினால்தான் டாக்டருக்கு உள்ளே கைவேலைக்கு இடம் கிடைக்குமாம். வேளைக்கு ஒரு கிளாஸ் புரோட்டீன் பவுடர் கரைசல். வெனிலா வாசனை என்று டப்பாவில் போட்டிருக்கும். வெனிலாவுக்கு அந்தச் செய்தி தெரியாது. இரண்டாம் நாள் அதைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது போசரிக்காரர் போன் செய்தார்.

"அண்ணாச்சி, சனிக்கெழம மத்தியானம் வீட்டுக்கு வரணும். ஒங்க ஒருத்தராலதான் முடியும்."

"என்ன விசயம் தம்பி?"

"முட்டி டாக்டரப் பாத்தேன். ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சாம். மொதல்ல வெயிட்ட எறக்கணும், இல்லன்னா நடையே நின்னுரும்னு சொல்லுதாரு. வயித்துல ஆபரேஷன் ஒண்ணு இருக்காம். எங்க வீட்ல அதப் புடிச்சிக்கிட்டு ஒரே நச்சரிப்பு."

"சரி..."

"ஃபாக்டரில வேற, நிக்க முடியலன்னு என்னய ஸ்டோர்ஸ்ல சேர் போட்டு உக்கார வச்சிட்டாவ. திரும்ப லேத் பக்கம் போகலன்னா அந்த எடத்துக்கு வேற ஆளு. நீங்க வந்து எங்க வீட்ல சொல்லணும், அண்ணாச்சி. வயித்த அறுத்து எளைக்கது குறுக்கு வழில்லா? நீங்க நடந்தே எறக்குனீய. எனக்குத்தான் மனசுல உறுதி பத்தல. இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுனா போதும்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா அவ கேப்பா."

"வாரேன்" என்றேன்.

என் மனைவியிடம் சொன்னேன். கன்டோன்மென்டில் பள்ளிக்கூட டீச்சர் அவள். திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடவில்லை. "போயி என்ன சொல்லப் போறீய?"

"யோசிக்கணும்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நீங்க ரெண்டாவது தடவ அறுத்துக்கிடப் போறீய. அவரு ஒரு தடவகூட அறுக்காம முட்டியத் தொலைக்கப் போறாரு. ரெண்டும் ஒங்க ஒரே வாயால வந்தது."

இருபத்தாறு வருட மணவாழ்க்கையில் இவ்வளவு சுருக்கமாக என்னை யாரும் விமர்சித்ததில்லை.

சனிக்கிழமை போனேன். அவர் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. என்னை வரவேற்கக் கீழே இறங்கி வந்திருந்தார். அந்த மரியாதைக்கு அவர் முட்டி கொடுத்த விலையைப் படியேறும்போது பார்த்தேன். ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் கொண்டுவந்து சேர்த்து, கைப்பிடியைப் பிடித்து மூச்சு விட்டு, அப்புறம்தான் அடுத்த படி. முதல் மாடித் திருப்பத்தில் இருவரும் நின்றோம். மேலிருந்து இறங்கி வந்த ஒரு மராத்திப் பெண்மணி, எங்கள் இருவரையும் தாண்டிப் போக வழியில்லாமல், நாங்கள் மூச்சு வாங்கி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"தைராய்டு எப்படி இருக்கு?" என்று கேட்டார் போசரிக்காரர்.

"இருக்கு" என்றேன்.

மேலே போனால் மேசையில் மட்டன் சுக்காவும் சுர்மை வறுவலும். சென்னையில் வஞ்சிரம் என்கிற அதே மீன்தான்; இங்கே மூன்று தலைமுறையாக அது சுர்மை. நாலு நாளாக வெனிலாவை மட்டும் கண்ட என் கண்ணுக்கு அந்த மேசை தனி ஒளியோடு இருந்தது. அவர் மனைவி தட்டு வைத்தாள். தெளிவான, சட்டென்று பேசுகிற பெண். என்னை வரவேற்றாள் என்றாலும், நான் எந்தக் கட்சிக்கு வக்கீலாக வந்திருக்கிறேன் என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

"எனக்கு வேண்டாம்மா" என்றேன். "இன்னிக்கு..."

அதற்குமேல் நான் பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போசரிக்காரரே சொல்லிவிட்டார்.

"உபவாசமா? பாத்தியா. லெந்து நாளும் இல்ல, ஒண்ணும் இல்ல, காலமில்லாத காலத்துல உபவாசம். இந்த உறுதியத்தான் நான் சொன்னேன். நீ என்னமோ ஆபரேஷன் ஆபரேஷன்னு பிராணன வாங்குதே."

அவள் சட்டியை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சமாளித்திருப்பேன். தோற்றுப்போனவள் மாதிரி பார்த்தாள்.

பையிலிருந்து என் மூடிபோட்ட டம்ளரை எடுத்து மேசையில் வைத்தேன். உள்ளே வெனிலா கட்டி கட்டியாக ஆடியது.

"இது உபவாசம் இல்ல, தம்பி. ஈரல் சுருங்குறதுக்கு."

"யாரு ஈரலு?"

"என் ஈரல். இன்னும் பத்து நாள்ல எனக்கு ஆபரேஷன்."

"தைராய்டுலயா?"

"தைராய்டு நல்லா இருக்கு. வயித்துல. ஒன் டாக்டர் சொன்னாருல்லா, அதே மாதிரி. எனக்கு இது ரெண்டாவது தடவ."



"மொத தடவ எப்போ?" என்றார்.

"பித்தப்பக் கல்லுன்னு சொன்னேம்லா. அப்போ."

"அப்போ கல்லு?"

"கல்லே கெடையாது."

"கடலப்பருப்பு சைஸ்னு சொன்னீய?"

"சொன்னேன்."

அளவு சொன்ன ஒரு பொருள் இல்லவே இல்லை என்பதை அவரால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வேறு எந்தப் பொய்யையும்விட அது அவரை அசைத்தது என்று நினைக்கிறேன்.

அவர் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அப்போ நடந்தது?"

"நடந்தேம்மா. ஆபரேஷன் பண்ணிட்டு நடந்தேன்."

"இவிய ஆபரேஷன் இல்லாம நடந்தாவ."

"ஆமா."

போசரிக்காரர் சுர்மைத் துண்டு ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்தார். நிதானமாக முள்ளைப் பிரித்தார். சாப்பிடவில்லை.

"ஆறு வருசம், அண்ணாச்சி. சனிக்கெழம சனிக்கெழம மிசின்ல ஏறி நிப்பேன். மூணு கிலோ எறங்கும், மூணு கிலோ ஏறும். எங்கிட்டதான் ஏதோ கோளாறுன்னு ராத்திரி ஒரு சப்பாத்தியக் கொறச்சேன். அப்புறம் இன்னொண்ணக் கொறச்சேன். பிள்ள பர்த்டேல கேக்கு வாயில ஊட்ட வந்தா, வேண்டாம்னு தலையத் திருப்பிக்கிட்டேன். அது மொகம் எப்படி ஆச்சு தெரியுமா?"

"மன்னிச்சிருங்க தம்பி" என்றேன். அவரை அதற்குமுன் நான் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

"மன்னிப்பு அப்புறம் இருக்கட்டும்" என்றாள் அவர் மனைவி. "அந்த டாக்டரு நல்ல டாக்டரா? ரெண்டாவது தடவ செய்ய வேண்டியிருக்குங்கீய?"

"டாக்டர் நல்லவரு. நோயாளிதான் சரியில்ல."

போசரிக்காரர் முதல்முறையாக நிமிர்ந்தார். இது அவருக்குத் தெரிந்த பேச்சு. "ரீவர்க்குக்கு ஒரு பீஸ் திரும்பி வந்தா நாங்க மொதல்ல கேக்கது, மிசின் தப்பா, ஆப்பரேட்டர் தப்பான்னு."

"ஆப்பரேட்டர்."

"என்ன செஞ்சாரு ஆப்பரேட்டர்?"

"மஸ்தானி குடிச்சாரு."

"வாரத்துக்கு எத்தன?"

"ஒண்ணு ரெண்டு..."

"உள்ளதச் சொல்லுங்க, அண்ணாச்சி."

"நாலு."

"நாலா?" என்றாள் அவர் மனைவி. ஆறு வருடப் பொய்யைப் பொறுத்துக்கொண்டவளால் இதைப் பொறுக்க முடியவில்லை. வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன். சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் பிரித்து வைத்திருந்த மீனைச் சாப்பிட்டார். பிறகு எத்தனை துளை போடுவார்கள், ஒவ்வொன்றும் எத்தனை மில்லிமீட்டர், உள்ளே தையல் நூலா பின்னா என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். எனக்கே புதிதாக இருந்தது.

கிளம்பும்போது அவர் படி இறங்கி வரவில்லை. கதவருகே நின்று சொன்னார். "எங்கிட்ட மட்டும் சொன்னாப் போதாது. அன்னைக்கு எந்த மைக்குல சொன்னீயளோ அதே மைக்குல சொல்லணும். நான் ஒருத்தன்தான் நடந்தனா?"

மறுநாளே சொன்னேன். சாட்சி சொல்ல வேண்டும் என்றதும் போதகர் மிகவும் சந்தோஷப்பட்டார், பாவம். இந்தமுறை மூன்றே நிமிடம். 'ஆபரேஷன்' வந்தது, 'பொய்' வந்தது, 'மஸ்தானி' வந்தது. முதல் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னேன், இரண்டாவதைப் பற்றிச் சொன்னேன், உடம்பு இளைக்காததற்காகத் தன்னையே நொந்துகொண்ட யாரும் இனி என்னை நொந்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர், காது கொஞ்சம் மந்தம், பக்கத்திலிருப்பவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படி, "அப்ப அந்தக் கல்லு?" என்றார். பெண்கள் பக்கத்திலிருந்து ஆரம்பித்த சிரிப்பை அடக்கப் போதகர் பாட்டு எண்ணை இருமுறை சொல்ல வேண்டியிருந்தது.

வெளியே வந்ததும் பித்தப்பை ஆபரேஷன் செய்த ஓர் அம்மாள், இனி சபையில் தன் கல்தான் பெரியது என்று நினைவூட்டிவிட்டுப் போனார். இரண்டு பேர் தனித்தனியாக என்னைச் சுவரோரம் ஒதுக்கி டாக்டர் நம்பர் வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒருவர், "வெளிய நான் நடக்கேன்னுதான் சொல்லப்போறேன், நீங்க ஒண்ணும் வாயத் தொறந்துராதீய" என்றார். முதல் வருடம் எங்களோடு நடந்த ஒருவர் மட்டும் கைகொடுக்காமல் போனார். இன்றுவரை கொடுக்கவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆபரேஷன் முதல்முறையைவிட இருமடங்கு நேரம் எடுத்தது என்று பிறகு சொன்னார்கள். எனக்கு அது ஒரு கொட்டாவி நேரம்தான்; வெளியே இருந்தவர்களுக்குத்தான் அது நீளம். போசரிக்காரர் அரைநாள் லீவு போட்டு வந்து என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாராம். நேரம் ஆக ஆக அவள் முகம் மாறுவதைப் பார்த்து, "ரீவர்க்னா டைம் புடிக்கும், மைனி. பழைய வெல்டிங்க மொதல்ல எடுக்கணும்லா" என்று விளக்கினாராம். புது வேலை சட்டென்று முடிந்துவிடும் என்றும் சொன்னாராம். அதை அவர் அவளுக்காக மட்டும் சொல்லவில்லை என்று என் மனைவி நினைத்தாள்.

அவராக எதுவும் முடிவு சொல்லவில்லை. நான் வீட்டுக்கு வந்த பிறகு நாள்விட்டு நாள் போன் செய்வார். இன்று என்ன உள்ளே போனது, எவ்வளவு, எது தங்கியது, எது திரும்பியது. கேள்விகள் சுருக்கமானவை. நான் "கொஞ்சம்" என்றால் "கொஞ்சம்னா எத்தன ஸ்பூன்?" என்பார். ஆறு ஸ்பூன் பருப்புத் தண்ணீர் என்றால் ஆறு ஸ்பூன். மூன்றாவது வாரம் ஒருநாள் ஐஸ்கிரீம் ஆசையாக இருக்கிறது என்று நானே சொன்னேன். "ஆசதான, இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

ஐந்தாவது வாரம் அவரே கேட்டார். "டாக்டர்கிட்ட எனக்கு ஒரு டைம் வாங்குவீயளா?"

மூவருமாகப் போனோம், அவர், அவர் மனைவி, நான். காத்திருக்கும் இடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எழுதுவது என் தொழில் என்பதால் என்னிடம் தள்ளினார். வயது, வேலை, சர்க்கரை, முட்டி எல்லாம் நிரப்பினேன். இதுவரை எடை குறைக்க முயன்ற வழிகள் என்று ஒரு கட்டம் வந்தது.

"நடைன்னு போடுங்க" என்றார். "ஆறு வருசம்."

போட்டேன்.

"தப்பான யோசனையக் கேட்டுன்னு சேத்துப் போடுங்க."

"அதுக்கு எடம் இல்ல தம்பி."

"சின்னதா எழுதுங்க. ஒங்களுக்கு எழுத வராதா?"

சின்னதாக எழுதினேன். யோசனை சொன்னவர் பெயருக்குக் கட்டம் எதுவும் இல்லை; இருந்திருந்தால் அதையும் நானே நிரப்பியிருப்பேன். அவர் மனைவி எட்டிப் பார்த்து, எழுதியிருக்கிறேன் என்று உறுதி செய்துகொண்டாள்.

டாக்டர் அந்தக் கட்டத்தைப் படித்தார், என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மேலே கேள்வி கேட்க ஆரம்பித்தார். போசரிக்காரர் பதிலுக்கு அவரைக் கேட்டார். மணி பார்த்தேன், நாற்பது நிமிடம். தையல் எத்தனை அழுத்தம் தாங்கும், கசிந்தால் எப்படித் தெரியும், எத்தனை நாளில் நிற்கலாம், எத்தனை நாளில் லேத் பக்கம் போகலாம். எல்லாம் சரியாக நடந்தால் ஒரு மாதத்தில் வேலைக்குப் போகலாம், எடை இறங்க இறங்க முட்டியும் கேட்கும், ஆனால் தேய்ந்தது தேய்ந்ததுதான் என்றார் டாக்டர். போசரிக்காரர் மனைவியின் பக்கம் திரும்பினார். "ஃபாக்டரில லெட்டர் குடுக்கணும். ஒரு மாசம் எடத்த வச்சிருப்பாவளான்னு கேக்கணும்."

"நேத்தே கேட்டுட்டேன்" என்றாள். "ஒங்க மேனேஜருக்கு நானே போன் பண்ணுனேன். வச்சிருப்பாவளாம்."

"எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க நடக்கேன்னு எந்திரிச்சிருவீயளோன்னு பயம்."

டாக்டர் நாள் குறித்தார். அதன்பின் நர்ஸ் வந்து எடை பார்க்க வேண்டும் என்றாள். மூலையில் எடை மிஷின் இருந்தது. அவர் எழுந்து, பாக்கெட்டுகளைக் காலி செய்ய ஆரம்பித்தார்: சாவிக்கொத்து, போன், மூக்குக்கண்ணாடிக் கூடு, எதற்கென்று தெரியாத இரண்டு போல்ட். ஒவ்வொன்றாக என் கையில் கொடுத்தார். வாட்சையும் கழற்றினார். பெல்ட்டைக் கழற்றலாமா என்று யோசித்து, மனைவியைப் பார்த்து, விட்டுவிட்டார். ஷூ லேஸை அவிழ்க்கக் குனிய முடியவில்லை. அவள் குனிந்து கழற்றினாள்.

கைப்பிடியைப் பிடித்து ஒரு காலை மிஷின்மேல் வைத்தார். அடுத்த காலைத் தூக்குமுன் திரும்பினார்.

"பாக்காதீய, அண்ணாச்சி."

நான் கை நிறைய அவர் சாமான்களோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். சுவரில் குடலின் படம் ஒன்று தொங்கியது. நர்ஸ் எழுதுகிற சத்தம் கேட்டது. நான் பார்க்கவில்லை என்று சொன்னால் எங்கள் சபையில் இனி ஒருவரும் நம்பப்போவதில்லை. ஆனால் பார்க்கவில்லை.